மழைக்குக் கை நீட்டிய போஸ்ட் மாஸ்டர்

ஜவ்வாது மலையில் மின்சாரத்தை மரியாதையாக நடத்திய ஒரே மனிதர் எங்கள் ரிலே சார்தான். மற்றவர்கள் எல்லாரும் அதைத் திட்டினோம். வராவிட்டால் திட்டினோம்; வந்து, பல்பு அழுது வடிந்தால் இன்னும் அதிகமாகத் திட்டினோம். அவர் மட்டும் கரண்ட் வந்ததும் நாற்காலியிலிருந்து அரை அங்குலம் எழுந்து, "வாங்க, வாங்க. வந்ததே வந்தீங்க, ஒரு ரெண்டு மணி நேரம் இருந்துட்டுப் போங்க" என்பார். அது பெரும்பாலும் இருபது நிமிடம் இருந்துவிட்டுப் போய்விடும். அவருக்கு வருத்தமே கிடையாது. "அதுக்கு இன்னா அவசரமோ" என்பார்.

எண்பதுகளின் நடுவில், ஜமுனாமரத்தூரைத் தாண்டி பஸ் நின்று திரும்பும் ஒரு சின்ன ஊரில் அவர் போஸ்ட் மாஸ்டர். நான் அதே கட்டடத்தின் மறுபாதியில் இருந்த விதை டிப்போவில் கிளார்க். அதனால் ஊருக்கு நான் டிப்போ சார், அவர் ரிலே சார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

ரிலே என்பது தீப்பெட்டி அளவில் ஒரு சாமான். ஒரு பக்கம் கொஞ்சூண்டு மின்சாரம் கொடுத்தால், மறுபக்கம் இருக்கும் பெரிய விளக்கையோ மணியையோ அது போட்டுவிடும். போடும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் மனிதர் உயிர் வாழ்ந்தார். நல்ல டிக், சுமாரான டிக், சளி பிடித்த டிக் என்று அவரிடம் தரம் பிரித்த கணக்கு இருந்தது. எனக்கு எல்லாம் ஒரே டிக்காகத்தான் கேட்டது. காது சரியில்லை என்று என்னை வேலூருக்குப் போய்க் காட்டச் சொன்னார்.

சாமான்களெல்லாம் மெட்ராஸிலிருந்து ரிஜிஸ்டர் பார்சலில் வரும். எங்கே வரும்? அவருடைய தபால் ஆபீஸுக்குத்தான் வரும். வேறு யாராக இருந்தாலும் பையிலிருந்து எடுத்துப் பின்னால் இருக்கும் வீட்டுக்குள் வைத்துக்கொள்வார்கள். ரிலே சார் அப்படிச் செய்ய மாட்டார். தங்களுக்கு ஒரு பார்சல் வந்துள்ளது என்று தன் பெயருக்கே நோட்டீஸ் எழுதுவார். தபால்காரர் முனுசாமி அதை வாங்கிக்கொண்டு, கட்டடத்தைச் சுற்றிப் பின்வாசலுக்குப் போய், "சார், தபால்" என்று குரல் கொடுப்பார். சார் உள்வழியாக ஓடிப் போய்ப் பின்கதவைத் திறந்து வாங்கிக்கொள்வார். மறுநாள் பத்து மணிக்குக் கவுண்டருக்கு வெளியே வந்து நிற்பார். கையெழுத்துப் போடுவார். உள்ளே போய்க் கையெழுத்தைச் சரிபார்ப்பார். ஒரு தடவை, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வெளியே வந்து இன்னொன்று போட்டார். நான் டிப்போ வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் அந்த ஊரில் சினிமா கொட்டகை இல்லாத குறையே தெரியவில்லை.

கம்ப்யூட்டர் வந்தது அவருடைய மச்சானால். சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சான், ரப்பர் பொத்தான் வைத்த ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அது எதற்கு என்று சொல்லாமலேயே திரும்பிப் போய்விட்டார். அதை டிவியோடு இணைக்க வேண்டும். அதற்காக ஒரு கறுப்பு வெள்ளை டிவி ஆரணியிலிருந்து பஸ் மேல் ஏறி வந்தது. ஊரில் முதல் டிவி. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் முப்பது பேர் குளித்துத் தலைவாரி வந்து உட்கார்ந்தார்கள். மலைக்கு சிக்னல் எட்டாது, அந்த டிவியில் படமெல்லாம் தெரியாது என்று சொல்ல சாருக்கு மனம் வரவில்லை. உடனே உட்கார்ந்து ஏதோ தட்டினார். திரையில் நட்சத்திரப் புள்ளிகள் மேலிருந்து கீழே விழ ஆரம்பித்தன. முக்கால் மணி நேரம் விழுந்தன. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் டீக்கடை மாணிக்கம்தான் ஊர் சார்பாகப் பேசினார்.

"நல்லா இருந்திச்சி சார். சண்ட மட்டும் இல்ல."

அந்தப் பெட்டிக்கு வெளியுலகத் தொடர்பு கிடையாது. தனக்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். ரிலே சார் ஒரு மாதப் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து, அதற்கு ஒரு போர்டு செய்தார். செம்புத் தகடு ஒட்டிய அட்டையைச் சோற்றுத் தட்டில் ஏதோ திராவகத்தில் ஊறப்போட்டு, ஓட்டை போட்டு, ஈயம் வைத்து, எட்டு ரிலே பொருத்தி, கம்ப்யூட்டரின் முதுகில் செருகினார். விரலெல்லாம் காவி நிறம். வேட்டியில் ஒரு தேசப்படமே விழுந்திருந்தது.

"இதுக்குப் பேரு இன்டர்ஃபேஸ் போர்டு, டிப்போ சார். இவ்ளோ நாளா இதுக்கு மூள மட்டும் இருந்திச்சி. இப்ப எட்டு கையி, எட்டு காது குடுத்துட்டோம்."

அந்த எட்டுக் கைக்கும் அவர் வேலை தேடினார். வாசலில் யாராவது மிதியடியை மிதித்தால் உள்ளே விளக்கு எரியும். பால் பொங்கினால் மணி அடிக்கும்; பால் பொங்கி முடித்த பிறகு. எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டில் ப்ரோக்ராம் எழுதுவார். பத்தாவது லைன், இருபதாவது லைன், முப்பதாவது லைன் என்று போகும்.

"ஒண்ணு, ரெண்டுன்னு போட்டா இன்னா சார்?" என்று கேட்டேன்.

"நாளைக்கு நடுவுல எதனா தோணுச்சின்னா சொருவறதுக்கு எடம் வோணுமில்ல? மனுசனுக்கு எல்லாமே ஒரே நாள்ல தோணிடுமா?"

அன்று முதல் டிப்போ லெட்ஜரில் நானும் வரிக்கு வரி இடம் விட்டு எழுத ஆரம்பித்தேன்.

கரண்ட் போனால் கம்ப்யூட்டருக்கு எல்லாம் மறந்துவிடும். மறுபடி கேசட்டில் பதிந்து வைத்திருக்கும் ப்ரோக்ராமை டேப் ரிக்கார்டரில் போட்டு அதற்கு ஊட்ட வேண்டும். ஐந்து நிமிடம் ஊரே பல்லைக் கடித்துக்கொள்ளும்படி ஒரு கிறீச்சல் கேட்கும். மாணிக்கம் முதல் நாள் டீ கிளாஸோடு ஓடி வந்து, "சார் வூட்ல இன்னாங்க, பன்னி அறுக்கறாங்களா?" என்று கேட்டார். நாளடைவில் கிறீச்சல் கேட்டால், கரண்ட் வந்துவிட்டது என்று பெண்கள் மாவு மெஷினுக்குக் கிளம்பினார்கள். நான் பார்த்தவரை அந்தக் கம்ப்யூட்டரால் ஊருக்குக் கிடைத்த முதல் நன்மை அதுதான்.

இரண்டாவது நன்மைக்குத்தான் சார் ஆசைப்பட்டார். டீக்கடைக்குப் பின்னால் ஒரு பெரிய தட்டைப் பாறை. சாமை அறுத்து அடித்ததும் அங்கேதான் காயப்போடுவார்கள். ஐப்பசி மழை சொல்லாமல் வரும். அதனால் மழை மணி ஒன்று செய்தார். ஒரு சின்னப் பலகையில் இரண்டு செம்புக் கம்பிகளைத் தொடாமல் நெருக்கமாகப் பதித்து, பாறையோரம் ஒரு கழியின்மேல் வைத்தார். அங்கிருந்து தபால் ஆபீஸ் வரை ஒயர். ஒரு சொட்டு விழுந்து இரண்டு கம்பியையும் நனைத்தால் கம்ப்யூட்டருக்குச் சேதி போகும், ரிலே டிக் என்னும், கூரையில் கட்டிய மணி அடிக்கும்.

முதலில் சொட்டு விழுவதற்குப் பதில் ஒரு ஆடு வந்து நக்கியது. ஊரே ஓடி வந்தது. சார் அன்று ராத்திரியே இன்னொரு லைன் சேர்த்தார்: ஐந்து விநாடி கழித்து இன்னொரு தரம் பார்த்துவிட்டு அடி. அந்த ஆடு ஆறு விநாடி நக்கக்கூடிய ஆடு. கழியை உயரமாக்கினார்.

அப்புறம் நிஜ மழைக்கும் மணி அடித்தது. ஆனால் சார் குடையோடு ஓடிப்போய்ப் பார்த்தால், பாறை வெறுமையாக இருக்கும். எல்லாரும் மூட்டைகளோடு டீக்கடைக் கூரைக்குக் கீழே நிற்பார்கள். மேற்கு மலைமேல் மேகம் வந்து உட்காரும் தோரணையைப் பார்த்தே, அரை மணி முன்னால் அள்ளிவிடுவார்கள். சாருடைய மணி, மழை வந்த பிறகு மழை வந்ததைச் சொல்லும். இதை அவரிடம் சொல்ல ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"மணி கரெக்டா அடிச்சிது சார்," என்பார் மாணிக்கம். "மழ வந்திச்சி, ஒடனே அடிச்சிட்டுது."

சார் நனைந்த வேட்டியோடு பூரித்துப் போவார்.

ஒரு நாள் செல்லி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை. மேட்டில் கொஞ்சம் நிலம்; ஒண்டியாக உழுது, ஒண்டியாக அறுத்து, வருஷச் சாப்பாட்டுக்கான சாமை முழுவதையும் பாறையில் போட்டிருந்தாள். முந்தின நாள் தூறலில் அது ஈரமாகியிருந்தது. இன்னும் ஒரு பகல் காய்ந்தாக வேண்டும். அப்படியே கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். அந்த நேரம் பார்த்து, புதூர்நாட்டில் கட்டிக்கொடுத்திருந்த மகளுக்கு வலி கண்டுவிட்டது என்று சேதி வந்திருந்தது.

"நாளைக்குப் பண்டிக. அவங்கவங்க அவங்கவங்க வூட்ல இருப்பாங்க. மழ வந்தா ஒங்க மணி அடிக்குமில்ல சார்?"

"ஒரு சொட்டு போதும் செல்லிம்மா. மணி அடிக்கும், ஊரே ஓடியாரும். நீ போய்ப் பொண்ணப் பாத்துட்டு வா."

"நெஜமாத்தான் சொல்றீங்களா?"

"போஸ்ட் மாஸ்டர் சொல்றேன்."

அவள் பஸ் ஏறிப் போனாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஏன் சார் வாக்கெல்லாம் குடுக்கறீங்க" என்று கேட்டேன். "மணி கீது, நான் கீறேன், இன்னா கொறச்சல்?" என்றார்.

மறுநாள் ஆயுத பூஜை. ஆபீஸ் லீவு. சார் விடிந்ததும் குளித்து, கம்ப்யூட்டர், போர்டு, டிவி, ஈயம் வைக்கும் கோல் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார். ஒன்றைக்கூட விட்டுவிடக்கூடாது என்ற பக்தியில், சந்தனக் கிண்ணத்தோடு பாறைக்குப் போய், மழைப் பலகைக்கும் அப்பினார். நீரில் குழைத்த சந்தனம், இரண்டு கம்பிமேலும் சேர்த்து. கம்ப்யூட்டர் ஐந்து விநாடி பொறுத்தது, இன்னொரு தரம் பார்த்தது, மணியை அடித்தது. பளீரென்ற வெயிலில் ஊர் ஜனம் கோணியும் முறமுமாக ஓடி வந்தது. கழிக்கு அடியில் கிண்ணத்தோடு சார் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா சார்," என்றார் மாணிக்கம் மூச்சு வாங்க, "இன்னிக்கி வெய்யிலே சொட்டுதா?"

சார் போய் எல்லாவற்றையும் அணைத்தார். அணைத்து, பூஜையை முடித்து, கற்பூரம் காட்டிய பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. பூஜை போட்ட ஆயுதத்தை அன்று தொடக்கூடாது. விஜயதசமி அன்றுதான் எடுக்க வேண்டும். செல்லியின் சாமை பாறைமேல் கிடக்கிறது.

"பலகையக் கழுவிட்டு மறுபடியும் போடுங்க சார். யாரு கேக்கப் போறாங்க?" என்றேன்.

"படுக்கவச்சதை எழுப்பறதா? அது எட்டு மாசமா லீவே எடுக்கல, டிப்போ சார்."

"அப்ப மாணிக்கத்துகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நாலு பேரு பாத்துக்குவாங்க."

"வாக்குக் குடுத்தது மாணிக்கமா, நானா?"

சார் பூஜை மணியை எடுத்துத் தபால் ஆபீஸ் வாசற்படியில் வைத்தார். அதற்கு மட்டும் அன்றைக்கு டூட்டி உண்டு என்று விளக்கம் வேறு சொன்னார். நேராகப் பாறைக்குப் போனார். கழிக்குப் பக்கத்தில் ஒரு கல்லில், தெருவைப் பார்த்து, சாமைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வலது கையை நீட்டி உள்ளங்கையை வானத்துக்குக் காட்டினார்.

"இன்னா சார் பண்றீங்க?"

"மெஷினுக்குத்தான் லீவு. ப்ரோக்ராமுக்கு லீவு இல்ல. பத்தாவது லைன், கையப் பாரு. இருபதாவது லைன், சொட்டு வுழுந்திருந்தா நாப்பதுக்குப் போ. முப்பதாவது லைன், இல்லன்னா பத்துக்குப் போ. நாப்பதாவது லைன், ஓடிப்போய் மணி அடி."

"அதுக்கு வானத்தப் பாத்தா போதாதா? மேற்கால மேகம் வந்தா தெரியுமே."

"மேகம்னு ஒரு லைனே இதுல இல்ல, டிப்போ சார்."

பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் போய்ப் படுத்தேன். ஒரு மணிக்கு எழுந்து பார்த்தால், அப்படியே உட்கார்ந்திருக்கிறார். நெற்றிச் சந்தனம் வியர்வையில் வழிந்து மூக்கு வரை வந்திருந்தது. நீட்டிய கை இறங்கவே இல்லை. பொரியும் சுண்டலும் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"சரி. இருபத்தஞ்சாவது லைனா சொருவிக்கலாம். வாயத் தொற."

நான்தான் ஊட்டிவிட்டேன். என் கல்யாணத்தில்கூட நான் யாருக்கும் அவ்வளவு நேரம் ஊட்டியதில்லை.

மூன்று மணி வாக்கில் மேற்கு மலைமேல் மேகம் வந்து உட்கார்ந்தது. மாணிக்கமும் பத்துப் பன்னிரண்டு பேரும் பாறையின் பின்பக்கமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி வந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். மாணிக்கம் உதட்டில் விரல் வைத்தார். என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் காதோரம் சொன்னார்:

"காலைலேந்து கைய நீட்டிக்கினு உக்காந்துகினு கீறாரு. அதப் பாத்துட்டு வூட்ல வட துன்ன முடியுமா? டிப்போ சாவியக் குடுங்க."

கொடுத்தேன். செல்லியின் சாமையைப் பூப்போலக் கூட்டி, கோணியில் அள்ளி, ஒரு பேச்சுமூச்சில்லாமல் டிப்போவுக்குத் தூக்கிப் போனார்கள். துடைப்பச் சத்தம் மட்டும் கொஞ்சம் கேட்டுவிட்டது.

"அது இன்னா சத்தம்?" என்றார் சார், கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"காத்து சார்."

"ம். பத்துக்குப் போ."

எல்லாம் முடிந்தது. ஆனால் மழை வரவில்லை. ஆட்கள் பாறைக்குப் பின்னால் காலி முறமும் காலிக் கோணியுமாகக் குந்திக்கொண்டு காத்திருந்தார்கள். கால் மணி ஆயிற்று. மழைக்குப் பயந்து வாழ்ந்த அந்த ஜனம், மழை வராமல் போய்விடுமோ என்று பயந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். ஒரு கிழவர் கண்ணை மூடிக் கும்பிட்டே விட்டார்.

ஒரு சொட்டு விழுந்தது. சார் உள்ளங்கையை முகத்துக்கு அருகே கொண்டுவந்து பார்த்தார். ஐந்து விநாடி பொறுத்தார். இன்னொன்று விழுந்தது. எழுந்து, கால் மரத்துப்போய் ஒருமுறை விழுந்து, மறுபடி எழுந்து தபால் ஆபீஸுக்கு ஓடினார். பூஜை மணியை இடது கையால் எடுத்து, தெரு முழுக்க அடித்துக்கொண்டே ஓடினார். வலது கை மடங்க மறுத்து அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்த கூட்டம் டிப்போச் சந்து வழியாகச் சுற்றிப் போய், தெருவின் மறுகோடியிலிருந்து கோணிகளோடு அவரைத் தாண்டிப் பாறைக்கு ஓடியது. மழை பிடித்துக்கொண்டது. அவர் திரும்பி வந்து சேர்ந்தபோது, பாறையில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அள்ளியாச்சி சார்," என்றார் மாணிக்கம். "மணி கேட்டதும் ஓடியாந்துட்டோம்."

"அதுக்குள்ளயா?"

"ஊரே வந்திச்சில்ல சார்."

ரிலே சார் கல்லில் உட்கார்ந்து, மழையிலேயே, சத்தமில்லாமல் அழுதார். நான் குடை பிடித்தேன்.

இரண்டு நாள் கழித்துச் செல்லி வந்தாள். பேத்தி பிறந்திருந்தாள். ஊரே வரிசையாக நின்று, சார் மணி அடித்த கதையைச் சொன்னது. அவள் சாரிடம் போய், "நீங்க இல்லன்னா இந்த வருசம் என் அடுப்பு எரிஞ்சிருக்காது சார்" என்று கைகூப்பினாள். பிறகு மூட்டைகளை எடுக்க டிப்போவுக்கு வந்தாள். ஒரு மூட்டையை அவிழ்த்து, உள்ளே முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிடி எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"மழ வந்து, மணி அடிச்சி, அப்பறமா அள்ளுன சாமைங்களா இது?"

"ஆமா," என்றேன்.

"ஒரு பொட்டு ஈரம் இல்லியே, டிப்போ சார்."

நான் கூரையைப் பார்த்தேன். அவள் மூட்டையைக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டாள். வாசல் வரை போய்த் திரும்பி, "சாருக்குத் தெரிய வோணாம்" என்றாள்.

அதன்பிறகு மூன்று வருடம் அவர் அங்கே இருந்தார். ஊரில் யாரும் சொல்லவில்லை. எதையும் வாயில் வைத்திருக்கத் தெரியாத நானும் சொல்லவில்லை. இப்போதுதான், ஏதாவது எழுதுங்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டதும், நாக்கு அரித்து எல்லாவற்றையும் எழுதித் தொலைத்துவிட்டேன். முடிக்கும்போதுதான் நினைவு வருகிறது: அவர் ஆரணியில் மகன் வீட்டில் இருக்கிறார், இந்தப் பத்திரிகையை அட்டையிலிருந்து அட்டை வரை படிக்கிறவர்.

சார், இதை நம்பாதீர்கள். நான் சும்மா பக்கம் நிரப்ப எழுதுகிறவன். அன்று ஊர் ஓடி வந்தது உங்களால்தான்.